விண்டோஸை அணைத்த பிறகு லினக்ஸில் மட்டும் லேன் இணைப்பு வருவதில்லை: நெட்வொர்க் கார்டை மாற்ற வேண்டுமா?

சேர்வராயன்_தோட்டம் (ஏற்காடு)

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்ட அலுவலகத்தில் உள்ள மேசைக் கணினியில் விண்டோஸ் 10, லினக்ஸ் மின்ட் 22 ஆகிய இரண்டையும் ஒரே எஸ்எஸ்டியின் தனித்தனிப் பகுதிகளில் நிறுவி வைத்திருக்கிறோம். ஜிஎஸ்டி தாக்கலுக்கும் டிஜிட்டல் கையொப்பத்துக்கும் விண்டோஸ் தேவைப்படுகிறது. ஆட்களின் வாரக் கூலிப் பட்டியல், மழையளவுக் குறிப்பேடு, காப்பி மிளகு வியாபாரிகளுடனான கடிதப் போக்குவரத்து ஆகிய மற்ற வேலைகள் அனைத்தையும் நான் லினக்ஸில்தான் செய்து வருகிறேன். இரண்டிலிருந்தும் எடுத்துப் பயன்படுத்துவதற்காக என்டிஎஃப்எஸ் வடிவில் ஒரு டி டிரைவும் இருக்கிறது.

மாலையில் விண்டோஸில் வேலையை முடித்துக் கணினியை அணைத்துவிட்டு, மறுநாள் காலையில் லினக்ஸைத் திறந்தால் லேன் இணைப்பு கிடைப்பதில்லை. கேபிள் செருகப்படவில்லை என்று திரையின் மூலையில் காட்டுகிறது. கணினியின் பின்புறம் கேபிள் செருகும் துளையில் உள்ள பச்சை விளக்கு, மஞ்சள் விளக்கு இரண்டுமே அணைந்து கிடக்கின்றன. ஆனால் அதே கணினியை அதே கேபிளோடு விண்டோஸில் திறந்தால் இரண்டு விளக்குகளும் எரிந்து, சில நொடிகளில் இணையம் வந்துவிடுகிறது.

இதில் எனக்குப் புரியாத ஒன்று இருக்கிறது. பராமரிப்புப் பணிக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாட்களில் எங்கள் யுபிஎஸ் முற்றிலும் தீர்ந்து அணைந்துவிடும். மின்சாரம் திரும்பி வந்த பிறகு நேராக லினக்ஸைத் திறந்தால் இணைப்பு எந்தக் குறையும் இல்லாமல் கிடைக்கிறது. அதன் பிறகு லினக்ஸை மட்டுமே திறந்து மூடிக்கொண்டிருக்கும் வரை சிக்கல் வருவதில்லை. இடையில் ஒருமுறை விண்டோஸுக்குப் போய் வந்தால் மறுபடியும் அதே நிலைதான்.

கேபிளை மாற்றிப் பார்த்தேன். ரவுட்டரில் வேறு துளையில் செருகிப் பார்த்தேன். லினக்ஸில் நெட்வொர்க் அமைப்புகளை நீக்கிப் புதிதாகவும் அமைத்தேன். கோடை மழையின் இடியில் மதர்போர்டில் உள்ள லேன் பகுதி பழுதாகியிருக்கும் என்றும், தனியாக ஒரு கார்டு வாங்கிப் பொருத்துவதுதான் வழி என்றும் சேலத்தில் ஒரு கடையில் சொன்னார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கணினியைக் கீழே கொண்டு போய்த் திரும்பக் கொண்டு வருவது எளிதன்று. அலுவலக வேலையும் நின்றுவிடும். கார்டு உண்மையிலேயே பழுதாகிவிட்டதா, அல்லது அமைப்பில் எங்காவது கோளாறா என்பதை நானே இங்கிருந்து கண்டறிய வழியுண்டா என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

அஸ்தம்பட்டி_வலை (சேலம்)

வணக்கம் அம்மா. விவரங்களைத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். விண்டோஸில் இணைப்பு முழுமையாகக் கிடைக்கிறது என்ற ஒன்றே உங்கள் கார்டு எரிந்துபோகவில்லை என்பதற்குப் போதுமான சான்று. இடியால் பழுதான லேன் துளை எந்த இயங்குதளம் திறந்திருக்கிறது என்று பார்த்து வேலை செய்யாது. ஆகவே புதிய கார்டு வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

லினக்ஸில் இணைப்பு வராதபோது அந்தக் கார்டு எந்த நிலையில் நிற்கிறது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையை, என்என்கே என்ற எழுத்துகளைத் தெரிவாகச் சேர்த்துக் கொடுங்கள். மதர்போர்டில் இணைந்துள்ள ஒவ்வொரு சாதனத்தின் பெயரும், அதன் அடையாள எண்ணும், அதை எந்த டிரைவர் இயக்குகிறது என்ற விவரமும் வரிசையாக வரும். அதில் ஈதர்நெட் கன்ட்ரோலர் என்று தொடங்கும் பகுதியைத் தேடுங்கள்.

அந்த வரியே இல்லையென்றால் கார்டை மதர்போர்டே காணவில்லை என்று பொருள். அப்போது பயாஸ் அமைப்பில் லேன் முடக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அல்லது கார்டு மின்சாரம் கிடைக்காத நிலையில் கிடக்கிறது. வரி இருந்து, அதற்குக் கீழே பயன்பாட்டில் உள்ள கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) டிரைவர் எது என்ற குறிப்பு மட்டும் இல்லையென்றால், லினக்ஸ் கார்டைப் பார்த்துவிட்டது, ஆனால் இயக்கும் டிரைவர் ஏறவில்லை. டிரைவரின் பெயரும் வந்துவிட்டது, இணைப்பு மட்டும் இல்லை என்றால் அடுத்த கட்டளைக்குப் போகலாம். ஐபி லிங்க் என்று கொடுத்தால் ஒவ்வொரு இணைப்பின் நிலையும் தெரியும். லேன் இணைப்பின் பெயர் பெரும்பாலும் இஎன்பி என்ற எழுத்துகளில் தொடங்கும். அந்த வரியில் நோ கேரியர் என்று இருந்தால், டிரைவர் விழித்திருக்கிறது, ஆனால் கேபிளின் மறுமுனையிலிருந்து எந்தக் குறிப்பலையும் அதற்கு வந்து சேரவில்லை என்று கொள்ள வேண்டும்.

இன்னும் இரண்டு கேள்விகள். விண்டோஸை ஷட்டவுன் செய்யாமல், ரீஸ்டார்ட் கொடுத்து அங்கிருந்து நேராக லினக்ஸுக்கு வந்தால் என்ன ஆகிறது? டி டிரைவில் லினக்ஸிலிருந்து கோப்புகளை எழுத முடிகிறதா? இரண்டாவது கேள்வி நெட்வொர்க்குக்குத் தொடர்பில்லாததாகத் தோன்றலாம், ஆனால் இதற்கான விடை எனக்கு அவசியம்.

சேர்வராயன்_தோட்டம் (ஏற்காடு)

உடனே விடை எழுதியதற்கு நன்றி ஐயா. எல்எஸ்பிசிஐ கட்டளையில் ஈதர்நெட் கன்ட்ரோலர் வரி இருக்கிறது. ரியல்டெக் ஆர்டிஎல்8111/8168/8411 என்றும், அடையாள எண் 10இசி:8168 என்றும் காட்டுகிறது. கீழே பயன்பாட்டில் உள்ள டிரைவர் ஆர்8169 என்று இருக்கிறது. ஐபி லிங்க் கட்டளையில் நீங்கள் குறிப்பிட்டபடியே நோ கேரியர் என்று வருகிறது.

ரீஸ்டார்ட் கொடுத்துப் பார்த்தேன். விண்டோஸிலிருந்து ரீஸ்டார்ட் வழியாக லினக்ஸுக்கு வந்தால் விளக்குகள் எரிகின்றன, இணையமும் வருகிறது. ஷட்டவுன் செய்துவிட்டுத் திறந்தால்தான் வருவதில்லை. டி டிரைவில் உள்ள கோப்புகளைத் திறந்து படிக்க முடிகிறது. புதிதாக எதையும் சேமிக்க முடியவில்லை. படிப்பதற்கு மட்டுமே அனுமதி என்று அறிவிப்பு வருகிறது. அதைத் தனியான வேறொரு சிக்கல் என்று எண்ணி இங்கே குறிப்பிடாமல் இருந்தேன்.

ஆத்தூர்_மாணவன் (ஆத்தூர்)

அக்கா, உங்கள் கார்டு 8168 வகை; அதற்கு ஏறியிருக்கும் டிரைவரோ ஆர்8169. ரியல்டெக் தனியாக வெளியிடும் ஆர்8168 டிரைவர் டிகேஎம்எஸ் (கர்னலுக்கு ஏற்ப டிரைவரைத் தொகுத்துத் தரும் முறை) பொதியாகக் கிடைக்கிறது. அதை நிறுவினால் கார்டுக்கும் டிரைவருக்கும் எண் பொருந்திவிடும். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு அப்படித்தான் செய்தார்கள். இணையம் இல்லாதபோது கைப்பேசியை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, யுஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் லினக்ஸ் அதைத் தானாகவே ஒரு நெட்வொர்க் கார்டாக எடுத்துக்கொள்ளும். அதன் வழியாகப் பொதியை இறக்கிக்கொள்ளலாம்.

அம்மாபேட்டை_தறி (சேலம்)

தம்பி, கைப்பேசி வழி இணையம் பற்றிச் சொன்னது நல்ல யோசனை. இணைப்பு இல்லாத லினக்ஸ் கணினியைச் சரிசெய்ய முனையும் எவருக்கும் முதலில் தெரிந்திருக்க வேண்டியது அதுதான். ஆனால் டிரைவரை மாற்றும் யோசனையை இப்போது ஏற்க வேண்டாம் என்று அம்மாவிடம் கேட்டுக்கொள்கிறேன். ஆர்8169 என்பது ஒரு டிரைவரின் பெயர் மட்டுமே. லினக்ஸ் கர்னலோடு சேர்ந்தே வரும் இந்த ஒரு டிரைவர் 8169, 8168, 8111 ஆகிய வகைகளையும், 2019-இல் வெளிவந்த 5.4 கர்னல் முதல் 2.5 ஜிகாபிட் வேகமுள்ள 8125 வகையையும் சேர்த்தே இயக்குகிறது. எண் பொருந்தவில்லை என்பது கோளாறின் அறிகுறி ஆகாது.

மேலும் டிகேஎம்எஸ் வழியாக நிறுவும் டிரைவர், கர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொகுக்கப்பட வேண்டும். அந்தத் தொகுப்பு ஒருமுறை தவறினாலும், அடுத்த முறை கணினி திறக்கும்போது லேன் இருக்காது. பயாஸில் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், நாமே கையொப்பமிட்டுப் பதிவுசெய்யாத டிரைவரைக் கர்னல் ஏற்றிக்கொள்ளவும் செய்யாது. இவற்றுக்கெல்லாம் பிறகு, ஆர்8168-க்கு இடம் விடுவதற்காக ஆர்8169 தடைப் பட்டியலில் சேர்க்கப்படும். பின்னாளில் பொதியை நீக்கும்போது அந்தத் தடை மட்டும் தங்கிவிட்டால் இரண்டு டிரைவருமே ஏறாத நிலை வரும். கர்னலில் உள்ள டிரைவர் ஒத்துவராத கணினிகள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கணினியில் மின்தடைக்குப் பிறகு அதே ஆர்8169 எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்கிறது. ஆகவே அந்த டிரைவர் மேல் பழிபோடக் காரணமில்லை.

உங்கள் கேள்விக்கான விடை நீங்கள் எழுதிய மூன்று செய்திகளிலேயே அடங்கியிருக்கிறது. ஷட்டவுனுக்கும் ரீஸ்டார்ட்டுக்கும் இடையே வேறுபாடு இருக்கிறது. டி டிரைவில் எழுத முடியவில்லை. யுபிஎஸ் தீர்ந்துபோனால் எல்லாம் சரியாகிவிடுகிறது.

விண்டோஸ் 8 வெளிவந்த 2012 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி விண்டோஸில் இருக்கிறது. இது இயக்கத்தில் இருக்கும்போது நாம் ஷட்டவுன் கொடுத்தால் கணினி முழுமையாக மூடப்படுவதில்லை. நாம் திறந்து வைத்த நிரல்கள் மூடப்பட்டு, நம் கணக்கிலிருந்து வெளியேறுதல் நடக்கிறது. ஆனால் விண்டோஸின் கர்னலும் அது ஏற்றி வைத்த டிரைவர்களும் அப்போதிருந்த நிலையிலேயே ஒரு கோப்பில் பதிவு செய்யப்பட்டு, அடுத்த முறை அந்தப் பதிவிலிருந்து எழுப்பப்படுகின்றன. கணினி விரைவாகத் திறப்பது இதனால்தான். தான் மட்டுமே அந்தக் கணினியில் இருப்பதாக விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. அப்படி ஒரே இயங்குதளம் இருக்கும் இடத்தில் இந்த வசதி பயனுள்ளதுதான். ரீஸ்டார்ட் கொடுக்கும்போது இந்தக் குறுக்குவழி பின்பற்றப்படுவதில்லை. எல்லாம் முழுமையாக மூடப்பட்டுப் புதிதாகத் தொடங்குகிறது. நீங்கள் ரீஸ்டார்ட் வழியாக வந்தபோது இணைப்பு கிடைத்ததற்கு இதுவே காரணம்.

டி டிரைவின் நிலையும் இதையே காட்டுகிறது. விண்டோஸ் பாதி உறக்கத்தில் இருக்கும்போது அதன் என்டிஎஃப்எஸ் பகுதிகள் இன்னும் பயன்பாட்டில் இருப்பதாகவே குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் குறியைக் காணும் லினக்ஸ், எழுதினால் தரவு கெட்டுவிடும் என்பதால் படிப்பதற்கு மட்டும் அனுமதிக்கிறது. இங்கே ஒன்றை மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். உறக்கக் கோப்பை நீக்கிவிட்டு டிரைவை வலிந்து எழுதும் நிலைக்குக் கொண்டுவரும் ஒரு தெரிவு லினக்ஸில் உண்டு. இணையத்தில் பலர் அதை எளிய தீர்வு என்று எழுதியிருப்பார்கள். உங்கள் கூலிப் பட்டியலும் வரிக் கணக்கும் அந்த டிரைவில் இருக்கும்போது அதைச் செய்யாதீர்கள். விண்டோஸ் பக்கத்திலிருந்து முறையாக மூடுவதே பாதுகாப்பானது.

இனி யுபிஎஸ். கணினியை அணைத்த பிறகும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு (கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டிக்கு) மின்சாரம் வந்துகொண்டிருக்கும் வரை, மதர்போர்டுக்கு 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் தொடர்ந்து போகிறது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்கு வரும் பெரிய இணைப்பில் ஊதா நிறத்தில் உள்ள ஒற்றைக் கம்பிதான் அதைக் கொண்டு வருகிறது. பவர் பட்டனை அழுத்தியவுடன் கணினி எழுவதற்கும், நெட்வொர்க் வழியாகவே கணினியை எழுப்பும் வேக் ஆன் லேன் வசதிக்கும் அந்த மின்சாரம் தேவை. லேன் சில்லும் அதைக் குடித்துக்கொண்டுதான் இருக்கிறது. எனவே விண்டோஸ் டிரைவர் அதை எந்த நிலையில் உறங்க வைத்ததோ, கணினி இரவு முழுவதும் அணைந்து கிடந்தாலும் அந்த நிலை அழிவதில்லை; யுபிஎஸ் இருப்பதால் சிறு மின்வெட்டுகளிலும் அழிவதில்லை. யுபிஎஸ்ஸும் தீரும் அளவுக்கு நீண்ட மின்தடை வரும்போதுதான் சில்லு முழுவதும் மின்சாரம் இழந்து, பழைய நிலையை மறந்து புதிதாகத் தொடங்குகிறது. யுபிஎஸ் இல்லாத வீட்டில் இதே கோளாறு வந்துவந்து போகும், காரணம் பிடிபடாது. உங்களிடம் யுபிஎஸ் இருந்ததால்தான் கோளாறு இவ்வளவு ஒழுங்காகத் தென்பட்டது.

இதை இன்றே சோதித்துப் பார்க்கலாம். விண்டோஸை ஷட்டவுன் செய்யுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறம் உள்ள சுவிட்சை அணைத்து, மின்கம்பியையும் பிடுங்கிவிடுங்கள். அதன் பிறகு கணினியின் பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் கெப்பாசிட்டர்களில் தங்கியிருக்கும் மின்சாரமும் வெளியேறிவிடும். சிறிது நேரம் கழித்துக் கம்பியைச் செருகி லினக்ஸைத் திறங்கள். இணைப்பு வந்துவிட்டால் நான் சொன்னதே காரணம் என்று உறுதியாகிவிடும்.

நிலையான தீர்வுக்கு விண்டோஸின் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று, பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தேர்வு செய்யும் பக்கத்தைத் திறங்கள். தற்போது மாற்ற இயலாத அமைப்புகளை மாற்றுவதற்கான இணைப்பு மேலே இருக்கும். அதை அழுத்திய பிறகு கீழே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வரியின் தேர்வுக்குறியை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். அதன் பிறகு ஒருமுறை ஷட்டவுன் செய்து லினக்ஸுக்கு வந்து, டி டிரைவில் ஒரு சிறு கோப்பை எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் உண்மையிலேயே நின்றுவிட்டது என்று கொள்ளலாம். நெட்வொர்க் சரியாகிறதா என்பதைத் தனியாகக் கவனித்து எழுதுங்கள். சில கார்டுகளுக்கு இது மட்டும் போதாது.

சேர்வராயன்_தோட்டம் (ஏற்காடு)

ஐயா, மின்கம்பியைப் பிடுங்கிச் செய்த சோதனையில் இணைப்பு உடனே வந்துவிட்டது. லினக்ஸ் முழுமையாகத் திறப்பதற்கு முன்பே விளக்குகள் எரிந்ததைப் பார்த்தேன்.

அடுத்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தினேன். டி டிரைவில் இப்போது தடையில்லாமல் எழுத முடிகிறது. ஆனால் நீங்கள் ஐயப்பட்டது போலவே, விண்டோஸை ஷட்டவுன் செய்த பிறகு லினக்ஸில் லேன் இன்னும் வருவதில்லை. இப்போது கணினி அணைந்திருக்கும்போது பின்புறம் சென்று பார்த்தேன். லினக்ஸை அணைத்தால் பச்சை விளக்கு அணைந்த கணினியிலும் எரிந்துகொண்டே இருக்கிறது. விண்டோஸை அணைத்தால் கணினி நிற்கும் அதே நொடியில் அந்த விளக்கும் அணைந்துவிடுகிறது. இது உங்களுக்கு உதவுமா என்று தெரியவில்லை. கண்ணால் கண்டதை எழுதியிருக்கிறேன்.

அஸ்தம்பட்டி_வலை (சேலம்)

மிகவும் உதவும் அம்மா. தேடிக்கொண்டிருந்த கடைசிக் கண்ணியை அந்த விளக்கு காட்டிவிட்டது. அம்மாபேட்டை நண்பர் சொன்ன காத்திருப்பு மின்சாரம் லேன் துளைக்கு வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு லினக்ஸை அணைத்த பிறகும் எரியும் விளக்கே சான்று. விண்டோஸை அணைக்கும்போது அது அணைகிறது என்றால், விண்டோஸ் டிரைவர் தன் வேலை முடிந்தவுடன் கேபிளோடு பேசும் பகுதியை மின்சேமிப்புக்காக முடக்கிவிட்டுப் போகிறது. அடுத்து வரும் லினக்ஸ் டிரைவர் சில்லைக் கண்டுகொள்கிறது, ஆனால் முடக்கப்பட்ட அந்தப் பகுதியை எழுப்ப அதனால் முடிவதில்லை. டிரைவர் ஏறியும் நோ கேரியர் என்று வருவதற்கு இதுவே விளக்கம். எல்லா மதர்போர்டுகளிலும் இப்படி ஆவதில்லை. பயாஸைப் பொறுத்தும் சில்லின் வகையைப் பொறுத்தும் மாறும்.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்கள் என்ற தலைப்பின் கீழ் உங்கள் ரியல்டெக் கார்டின் மீது இருமுறை சொடுக்குங்கள். அட்வான்ஸ்டு என்ற பக்கத்தில் நீண்ட பட்டியல் ஒன்று வரும். அதில் ஷட்டவுன் வேக் ஆன் லேன் என்ற வரியைத் தேடி, அதன் மதிப்பை எனேபிள்டு என்று மாற்றுங்கள். நெட்வொர்க் வழியாகக் கணினியை எழுப்பும் தேவை உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால், டிரைவர் கேபிளோடு பேசும் பகுதியை முடக்காமல் விட்டுச் செல்லும். நமக்கு வேண்டியது அதுதான். மாற்றிய பிறகு விண்டோஸை ஷட்டவுன் செய்து, பின்புற விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். லினக்ஸைத் திறப்பதற்கு முன்பே விடை தெரிந்துவிடும்.

அதே பட்டியலில், வேக் ஆன் லேன் நிலையிலும் ஷட்டவுன் நிலையிலும் இணைப்பின் வேகம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று இன்னொரு வரியும் இருக்கும். பெரும்பாலும் 10 எம்பிபிஎஸ் முதலில் என்று இருக்கும். கணினி அணைந்திருக்கும்போது மஞ்சள் விளக்கு எரியாமல் பச்சை மட்டும் எரிந்தாலோ, இரண்டும் வேறு விதமாக எரிந்தாலோ கவலைப்பட வேண்டாம். லினக்ஸ் திறந்தவுடன் ரவுட்டரும் கார்டும் மறுபடியும் பேசி முழு வேகத்துக்கு வந்துவிடும்.

சில விண்டோஸ் டிரைவர் பதிப்புகளில் அந்த வரியே இருப்பதில்லை. அப்போது பயாஸில் இஆர்பி என்ற அமைப்பைத் தேடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்சேமிப்பு விதிகளுக்காக மதர்போர்டுகளில் வந்த அமைப்பு அது. அதை இயக்கினால் கணினி அணைந்தவுடன் காத்திருப்பு மின்சாரத்தின் பெரும்பகுதி துண்டிக்கப்படும். நீண்ட மின்தடையில் உங்கள் கார்டுக்கு நடப்பது ஒவ்வொரு ஷட்டவுனிலும் நடக்கும். இந்த இரண்டு வழிகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இஆர்பி இயங்கும்போது வேக் ஆன் லேன் வேலை செய்யாது. இரண்டையும் ஒருசேர மாற்றினால் எது பயன் தந்தது என்பதும் தெரியாமல் போகும்.

சேர்வராயன்_தோட்டம் (ஏற்காடு)

ஷட்டவுன் வேக் ஆன் லேன் என்ற வரி எங்கள் கணினியில் இருந்தது. டிசேபிள்டு என்றுதான் வைக்கப்பட்டிருந்தது. எனேபிள்டு என்று மாற்றிவிட்டு விண்டோஸை ஷட்டவுன் செய்தபோது கணினி நின்ற பிறகும் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. லினக்ஸைத் திறந்தேன், எதையும் தொடாமலேயே இணையம் வந்துவிட்டது. கர்னல் பதிவிலும் லிங்க் இஸ் அப் என்ற வரி இருக்கிறது. இஆர்பி அமைப்பை நான் தொடவில்லை. தொடர்ந்து சில நாட்கள் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் மாறி மாறிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். புதிய கார்டு வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். இருவருக்கும், கைப்பேசி வழியைச் சொன்ன தம்பிக்கும் என் மனமார்ந்த நன்றி.

இன்னொரு சிறு ஐயம். கர்னல் பதிவில் அந்த வரியில் 100 எம்பிபிஎஸ் என்று இருக்கிறது. எங்கள் ரவுட்டரும் கார்டும் 1 ஜிகாபிட் வகை. லேன் இணைப்பின் விவரங்களைக் காட்டும் ஈத்டூல் கட்டளையிலும் 100 என்றே காட்டுகிறது. இதுவும் உறக்க நிலையால் வருவதா?

சூரமங்கலம்_கேபிள் (சேலம்)

அம்மா, இது வேறு விஷயம். இதற்கு விண்டோஸையோ லினக்ஸையோ தேட வேண்டியதில்லை. லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு முறுக்கு இணைகளாக ஓடுகின்றன. 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு இரண்டு இணைகள் போதும். 1 ஜிகாபிட் வேகத்துக்கு நான்கு இணைகளும் வேண்டும். மற்ற இரண்டு இணைகளில் ஏதேனும் ஒரு கம்பி தொடர்பு இழந்தாலும் இணைப்பு அறுந்துபோகாமல் 100-க்கு இறங்கி நிற்கும். பயன்படுத்துபவருக்கு வேகம் குறைந்தது தவிர வேறு அடையாளம் தெரியாது. விண்டோஸிலும் வேகத்தைப் பாருங்கள். அங்கேயும் 100 என்று இருந்தால் கேபிள்தான்.

ஏற்காட்டில் பனிமூட்டமும் ஈரமும் அதிகம். அங்கே இணைப்பு வேலைக்கு வந்த இடங்களில், கேபிள் முனையில் உள்ள கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் கனெக்டருக்குள் எட்டுச் செப்புத் தகடுகளில் ஒன்றிரண்டு பச்சை பூத்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஜன்னல் வழியாக வெளியே இழுத்து உள்ளே கொண்டுவந்த கேபிள் என்றால், மழைநீர் கேபிளின் உறைக்குள்ளேயே வழிந்து கனெக்டர் வரை வந்துவிடும். முனையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துத் தகடுகளைப் பாருங்கள். பச்சையோ கருமையோ தெரிந்தால் அதைச் சுரண்டித் துடைத்து ஓட்ட வேண்டாம். முனையை வெட்டிப் புதிய கனெக்டரைக் கிரிம்ப் செய்வதே நல்லது. நீங்கள் மாற்றிப் பார்த்த கேபிள் கைவசம் இருந்தால் அதைப் போட்டு ஈத்டூலில் வேகத்தைப் பாருங்கள். 1000 என்று வந்துவிட்டால் பழைய கேபிளில் குறை என்பது உறுதி.

கார்டுக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்துவிட்ட நிலையில் இடியைப் பற்றியும் ஒரு சொல். கட்டடத்துக்கு வெளியே ஓடும் செப்பு லேன் கேபிள் மலைப்பகுதியில் உண்மையான ஆபத்துதான். ரவுட்டரும் கணினியும் வெவ்வேறு கட்டடங்களில் இருந்தால், இடையில் பைபர் கேபிள் போடச் சொல்லுங்கள். ஒரே அறையில் இருந்தால், இடி முழங்கும்போது கேபிளைக் கழற்றி வைப்பதே போதும்.

சேர்வராயன்_தோட்டம் (ஏற்காடு)

விண்டோஸிலும் 100 என்றுதான் இருந்தது ஐயா. கேபிள் குடோன் கட்டடத்திலிருந்து அலுவலகத்துக்கு வெளியே இழுக்கப்பட்டதுதான். குடோன் பக்க முனையைக் கழற்றிப் பார்த்தபோது ஓரத்தில் உள்ள இரண்டு தகடுகள் நீங்கள் சொன்னபடியே பச்சை பூத்திருந்தன. அலுவலகப் பக்க முனை சுத்தமாக இருந்தது. குடோனுக்கும் அலுவலகத்துக்கும் இடையே பைபர் போடுவது பற்றி இணைப்புக் கொடுத்தவர்களிடம் கேட்கிறேன். அதுவரை முனையை மட்டும் மாற்றிக்கொள்கிறேன்.

அம்மாபேட்டை_தறி (சேலம்)

நல்லது அம்மா. இதே சிக்கலோடு வருபவர்களுக்காக இரண்டு செய்திகளைச் சேர்த்துவிடுகிறேன். விண்டோஸுக்குப் பெரிய புதுப்பிப்பு வந்த பிறகு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் மறுபடியும் இயக்கத்துக்கு வந்துவிட்டதாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். ரியல்டெக் டிரைவர் புதுப்பிக்கப்படும்போது அட்வான்ஸ்டு பக்கத்தில் நாம் மாற்றிய மதிப்புகளும் பழைய நிலைக்குப் போகக்கூடும். ஆகவே புதுப்பிப்புக்குப் பிறகு லினக்ஸில் டி டிரைவில் எழுத முடியவில்லையென்றால் முதலில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைப் பாருங்கள். டி டிரைவ் சரியாக இருந்து லேன் மட்டும் வரவில்லையென்றால் வேக் ஆன் லேன் வரியைப் பாருங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் தேர்வுக்குறி தென்படவே இல்லையென்றால், விண்டோஸில் நிர்வாகி அனுமதியோடு கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையோடு எச் என்ற தெரிவையும் ஆஃப் என்ற சொல்லையும் சேர்த்துக் கொடுத்தால் உறக்க வசதி முழுவதும் நின்று, அதோடு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் நின்றுவிடும். அவசரமாக லினக்ஸுக்கு வர வேண்டிய நேரத்தில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுனைச் சொடுக்கினால் அந்த ஒரு முறைக்கு விண்டோஸ் முழுமையாக மூடப்படும். ஆனால் வேக் ஆன் லேன் வரி முடங்கியிருந்தால் அது லேனைத் திரும்பத் தராது, ரீஸ்டார்ட் வழியாக வருவதே அப்போது கைகொடுக்கும்.